பாட்டுக்குள் ஒரு டொக்

மார்ச் 3, திங்கள்

கண்ணாடிக் கடையில் என்னோடு லென்ஸ் பொருத்துகிறவன் இன்று என் லேப்டாப்பில் பாட்டுப் பதிவு செய்யும் மென்பொருள் ஒன்றை ஏற்றிக் கொடுத்தான். கூடவே ஒரு குட்டி மைக்கும். "பெரிய வித்தையெல்லாம் இல்ல. சிவப்புப் பொத்தானை அமுக்கு, பாடு. முதல்முதலா பண்றவங்களுக்குன்னே செஞ்சது."

வீட்டுக்கு வந்ததும் அமுக்கினேன். பாடினேன். போட்டுக் கேட்டேன். இந்தக் குரலை வைத்துக்கொண்டா இத்தனை வருஷம் குளியலறையில் கொடிகட்டிப் பறந்தேன்?

மனைவி எட்டிப் பார்த்தாள். "என்னங்க, உடம்பு ஏதும் சரியில்லையா?"

மார்ச் 4, செவ்வாய்

கூடத்தில் பாடினால் எதிரொலி. துணி இருக்கும் இடத்தில் எதிரொலிக்காது என்று மென்பொருளின் உதவிப் பக்கம் சொல்கிறது. அதனால் படுக்கையறைத் துணி அலமாரியைத் திறந்து, சேலைகளுக்கு நடுவே தலையை விட்டுக்கொண்டு பாடினேன். நல்லவேளை, யாரும் பார்க்கவில்லை.

என் சின்ன அறை இருந்திருந்தால் இந்தப் பாடு இல்லை. அது இப்போது மாமாவின் அறை. அத்தை இறந்த பிறகு அவரைத் தனியே விட வேண்டாமென்று நாங்கள்தான் கூட்டி வந்தோம். மனதாரத்தான் கூப்பிட்டேன். ஆனால் மாமனாருக்கும் மருமகனுக்கும் பேச்சு இன்னும் வாசற்படி தாண்டவில்லை.

"சாப்டீங்களா மாப்ள?"

"ஆச்சு மாமா. நீங்க?"

"ஆச்சு."

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே இதைக் கேட்டுக்கொண்ட நாளும் உண்டு.

மார்ச் 8, சனி

சொந்த மெட்டு, சொந்த வரிகள். முழுசாகப் பதிவாகிவிட்டது! ஹெட்போன் மாட்டிக் கேட்டால் என் குரலுக்குப் பின்னால் ஏதோ ஒரு சத்தம். டொக்-டொக். டொக்-டொக். எங்கிருந்து வருகிறது?

ஃபேனை நிறுத்தினேன். இருந்தது. சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிச் சமையலறையில் வைத்தேன். இருந்தது. ஃப்ரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கினேன். அப்போதும் இருந்தது. பிளக்கைத் திரும்ப மாட்ட மறந்துவிட்டேன்.

மனைவி: "பாட்டைக் கெடுத்தது பத்தாதுன்னு பாலையும் கெடுத்தாச்சா?"

மார்ச் 9, ஞாயிறு

டொக்-டொக் போகிறபாடில்லை. சாப்பிடும்போது மனைவியிடம் பொரிந்து தள்ளினேன். "எங்கிருந்துதான் வருதோ, சனியன்! அது மட்டும் இந்த வீட்டை விட்டு ஒழிஞ்சாப் போதும், நிம்மதியாப் பாட்டை முடிச்சிருவேன்."

மாமா குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். பாதியில் போதும் என்று எழுந்துவிட்டார்.

மார்ச் 11, செவ்வாய்

சத்தம் நின்றுவிட்டது. அப்பாடா!

மார்ச் 12, புதன்

ஞாயிற்றுக்கிழமை தன் மூத்த மகள் வீட்டுக்குப் போகிறாராம் மாமா. "அவளும் கூப்பிட்டுக்கிட்டே இருக்கா. ஒரே வீட்டுல எத்தனை நாள்?" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார், ஆனால் அது சிரிப்பில்லை.

மனைவி சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறாள். "நீங்க ஏதாவது சொன்னீங்களா?"

நான் என்னத்தச் சொன்னேன்? சாப்டீங்களான்னு கேட்டேன். அதுக்கா ஒரு மனுஷன் வீட்டை விட்டுப் போவாரு?

மார்ச் 13, வியாழன்

பழைய பதிவையும் புதியதையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டேன். புதியது சுத்தமாக இருக்கிறது, ஆனால் பாட்டு படுத்துவிட்டது. பழையதில் அந்த டொக்-டொக் என் குரலைக் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போகிறது. நான் மெதுவாகும் இடத்தில் அதுவும் மெதுவாகிறது. ஃப்ரிட்ஜுக்கு எங்கேயாவது தாளம் தெரியுமா?

தண்ணீர் குடிக்கப் போனபோது மாமாவின் அறைக் கதவு திறந்திருந்தது. பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வலது கை தானாக எழும்பி மேசைமேல் டொக் என்று இறங்கப் போனது. சட்டென்று இடது கையால் அதைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மாமா தபால் ஆபீசில் முத்திரை குத்தியவர். மையில் ஒரு டொக், கடிதத்தில் ஒரு டொக். அவருக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள், அந்தக் கைக்கு யாரும் கொடுக்கவில்லை. அவர் மேசைக்கும் என் அலமாரிக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். நான் பாடப் பாட அந்தப் பக்கம் தாளம் போட்டிருக்கிறார்.

ஐயோ, ஒழிஞ்சாப் போதும்னு அவர் முகத்துக்கு நேராவே சொன்னேனே! வெட்கமாக இருக்கிறது. இப்ப எப்படிப் போய்ப் பேசறது? எனக்குத் தெரிஞ்சதே ஒரு கேள்வி.

மார்ச் 15, சனி

மதியம் லேப்டாப்பையும் மைக்கையும் தூக்கிக்கொண்டு அவர் அறைக்குப் போனேன். கதவருகே பெட்டி கட்டித் தயாராக இருந்தது. அதைப் பார்த்ததும் ஒத்திகை பார்த்ததெல்லாம் போச்சு.

"மாமா... சாப்டீங்களா?"

"இப்பத்தானே மாப்ள ஒண்ணா உக்காந்து சாப்ட்டோம்?"

பழைய பதிவைப் போட்டேன். முதல் டொக்கிலேயே அவர் முகம் சுருங்கிவிட்டது. "பழகின கை மாப்ள. அடக்கித்தான் பாக்கறேன். அங்க போயிட்டா உங்களுக்குத் தொந்தரவு இருக்காது."

"அது நீங்கன்னு தெரியாமப் பேசிட்டேன் மாமா. மன்னிச்சிருங்க. அடக்காதீங்க. நீங்க நிறுத்தினதும் பாட்டு படுத்துருச்சு. எனக்கு... நீங்க வேணும்." தாளம் வேணும் என்றுதான் சொல்ல வந்தேன். வாய் முந்திக்கொண்டது.

மாமா தொண்டையைச் செருமினார். "ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே? ரெண்டாவது வரியில பஸ்ஸைப் புடிக்கப் போற மாதிரி ஓடறீங்க. நானும் சுவத்துக்கு இந்தப் பக்கத்துலேர்ந்து இழுத்துப் பிடிச்சுப் பாத்தேன். நிக்கல."

பதிவு செய்து பார்த்தோம். வெற்று அறை, ஒரே எதிரொலி. துணி இருந்தால் அடங்கும் மாமா என்றேன். அவ்வளவுதான். எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்தார். சட்டைகள், போர்வை, துண்டு என ஒன்றுவிடாமல் எடுத்து நாற்காலிகளிலும் கதவிலும் ஜன்னல் கம்பியிலும் தொங்கவிட்டார். வேறு துணி தரவா என்று நானும் கேட்கவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

காலையில் மூத்த மகள் போன் செய்து, அப்பா கிளம்பிவிட்டாரா என்று கேட்டிருக்கிறாள். மனைவி போனை அவரிடமே கொடுத்தாள். நாங்கள் மூன்றாவது வரியில் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்.

மாமா சுற்றித் தொங்குகிற துணிகளை ஒருமுறை பார்த்தார். "எப்படிம்மா வர்றது? என் சட்டையெல்லாம் இங்க வேலையில இருக்கு."

மனைவி சிரித்தாள், உடனே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். காலிப் பெட்டியை நானே தூக்கிப் பரண்மேல் வைத்தேன். பாட்டு இன்னும் முடியவில்லை. முடிக்க எங்கள் இருவருக்கும் அவசரமும் இல்லை.