குட்டிக் காரில் உட்காரும் வேலை

அன்புள்ள அம்மாவுக்கு,

நீங்களும் அப்பாவும் நலம்தானே? மூட்டுவலி மருந்தை நிறுத்திவிடாதீர்கள். நான் நலம்.

இங்கே தொழிற்சாலையில் இரண்டே பேர் உட்காரும் குட்டிக் கார் செய்கிறோம். பின்சீட்டு கிடையாது, இரண்டு பை வைத்தால் டிக்கி நிறைந்துவிடும். பருமனான ஆளும் அதில் அடங்குவான் என்று காட்ட, என்னை உட்காரவைத்துக் கதவைச் சாத்தி அளப்பார்கள். நேற்று சீட் பெல்ட் தொளதொளவென்று கிடந்தது. "உன்னை வெச்சு அளந்தா கார் பெருசாத் தெரியுதுப்பா" என்று சிரித்த மேற்பார்வையாளர், என்னைக் கண்ணாடி துடைக்க அனுப்பிவிட்டார். தனியாகச் சாப்பிட உட்கார்ந்தால் சோறு இறங்குவதில்லை, அவ்வளவுதான், பயப்படாதீர்கள்.

ஒல்லியான அப்பாவின் பழைய இடுப்பு பெல்ட் ஒன்றை அனுப்புங்கள். என்னுடையதில் இனி ஓட்டை போட இடமில்லை. வேலைக்குக் கூட்டிப்போகும் வண்டி வந்துவிட்டது.

உங்கள்
குண்டன்