உன் சாரம் போர்த்திய மோட்டார் சைக்கிள்

மச்சான், உன் வீட்டுப் பக்க அறைக் கதவைத் தள்ளியதுமே எலி மூத்திர நாற்றம் முகத்தில் அடித்தது. எனக்கு முதலில் வந்தது துக்கமில்லை, கோபம். அதுவும் உன்மேல். நீ இருந்தபோது அந்த அறைக்குள் ஒரு எலி வாலை நீட்டியிருக்குமா? அப்படி நீட்டியிருந்தால் எங்கள் எல்லாரையும் வாசலில் நிற்பாட்டி வைத்து ஏசியிருப்பாய். போன ஞாயிற்றுக்கிழமை நடந்தது இது. இன்னும் அந்த நாற்றம் என் மூக்கைவிட்டுப் போகவில்லை.

உன் மகளுக்குச் சுன்னாகத்துப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்திருக்கிறது. மறுநாள் திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும். பஸ்ஸை நம்ப ஏலாது, அப்பாவின் மோட்டார் சைக்கிளில்தான் போவேன் என்று நின்றுகொண்டாள். கியர் மாற்றக் கற்றுக் கொடுத்தவன் நீதானே, பிறகு ஆரை நோவது? உன் மனைவி, என் கூடப் பிறவாத தங்கச்சி, அன்று காலை முழுக்க முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. கடைசியில் குசினிக்குள் அடுப்படியில் இருந்தபடியே மகளிடம் சொன்னாள்:

"மாமாவும் நீயும் செய்யிறதைச் செய்யுங்கோ. இண்டைக்குள்ளை ஸ்ராட் வந்தா எடுத்துக்கொண்டு போ. வராட்டி அது அங்கையே கிடக்கட்டும். பேந்து ஒருத்தரும் அதிலை கை வைக்கக் கூடாது."

அவள் எதை விரும்பினாள் என்பது எனக்குத் தெரியும். உன்னைக் கொண்டுபோனது நோய்தான், தெரு இல்லை. ஆனாலும் ஒருவரைப் பறிகொடுத்தவளுக்கு வாசல் படலையைத் தாண்டினால் எல்லாமே பயம்தான். அந்த வண்டி ஓடாமல் அந்த அறையிலேயே நின்றால் அவளுக்கு நிம்மதி. உன் மகளுக்கோ அது ஓடினால்தான் நீ கொஞ்சமாவது மிச்சம். இரண்டுக்கும் நடுவில் நான் ஒரு பழைய குறட்டோடு நின்றேன்.

பெற்றோல் இல்லாத அந்தக் காலம் நினைவிருக்கிறதா? கொக்குவில் முழுக்க மோட்டார் சைக்கிள்கள் மாதக்கணக்கில் அசையாமல் நின்றன. பிறகு பெற்றோல் வந்தது, ஆனால் பாதி வண்டிகள் கிளம்பவில்லை. என்னுடையதும்தான். நீ வந்து சீற்றைக் கழற்றினாய். உள்ளே என் வீட்டுத் தலையணைப் பஞ்சும் கிழிந்த பேப்பரும் சேர்ந்து ஒரு குடித்தனமே இருந்தது. வயர்களைக் கொறித்துச் செப்புக் கம்பியை மட்டும் விட்டு வைத்திருந்தன. நீ நிலத்தில் குந்தியிருந்து விழுந்து விழுந்து சிரித்தாய். "வாடகை கேட்டனியோடா?" என்றாய். என் மனைவியும் சேர்ந்து சிரித்தாள். எனக்கு அப்போது பற்றிக்கொண்டு வந்தது.

அதற்குப் பிறகு உனக்கு அதுவே வேலையாகிவிட்டது. ஒழுங்கையில் ஆர் வீட்டில் வண்டி நின்றாலும் நீ போய் எட்டிப் பார்ப்பாய். எலி மருந்து வைக்க விடமாட்டாய். "மருந்தைத் திண்டுட்டு எயார் ஃபில்ரருக்குள்ளை போய்ச் செத்துக் கிடக்கும். நாத்தம் ஆருக்கு?" என்பாய். வண்டியை மூடிவைக்கவும் விடமாட்டாய். மூடினால் இருட்டு, இருட்டு என்றால் எலிக்குக் கொண்டாட்டம் என்பாய். உன் வீட்டில் தங்கச்சி பனங்கிழங்கு காயவைத்த ஒடியல் மூட்டையை அந்த அறையில் வைத்ததற்கு நீ போட்ட சண்டை எனக்கு இன்னும் கேட்கிறது. "சாப்பாடும் படுக்கையும் ஒரே அறையிலை. எலிக்கு நீ ஹோட்டலே நடத்திறாய்?" அவளும் விட்டாளா? "அப்ப உங்கடை மோட்டச்சைக்கிளைக் கொண்டுபோய்க் கோயில்லை விடுங்கோவன்!"

ஆசுபத்திரியில் உன்னைக் கடைசியாகப் பார்த்த பின்னேரம் என்னைக் கிட்ட வரச் சொன்னாய். மகளைப் பற்றி ஏதோ சொல்லப் போகிறாய் என்று குனிந்தேன். "என்ரை மோட்டச்சைக்கிளை எலிக்குக் குடுத்திடாதை, மச்சான்." இதைத்தான் சொன்னாய். எனக்கு விசர் வந்தது. போகிற நேரத்தில் சொல்கிற கதையா இது என்று நினைத்தபடி தலையை மட்டும் ஆட்டினேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கையோடு தங்கச்சி உன் நீலக்கட்டம் போட்ட சாரத்தை எடுத்து வண்டிக்குப் போர்த்திவிட்டாள். ஆசையாய்த்தான் போர்த்தினாள். ஆனால் நீ வேண்டாம் என்று தலைபாடாய் அடித்துக்கொண்டது அதைத்தானே. செத்தவன் உடுத்த சாரத்தை, பெண்சாதி போர்த்தியதை, ஆர் போய் உருவுவது? கிழமைக்கு ஒருதரம் வந்து பூட்டிய யன்னல் கண்ணாடியால் எட்டிப் பார்ப்பேன். சாரம் நீ படுத்திருப்பதுபோலவே கிடக்கும். திரும்பிப் போய்விடுவேன். உன் ஆண்டுத் திவசம் முடியும்வரைக்கும் இப்படியே போனது.

ஞாயிற்றுக்கிழமை அந்தச் சாரத்தை எடுத்தது உன் மகள்தான். மெல்லத்தான் தூக்கினாள், ஆனாலும் அது இரண்டு மூன்று இடத்தில் கையோடு பிய்ந்து வந்தது. சீற்றுக்குக் கீழே அழகான ஒரு கூடு. நீல நூல், சீற்றுப் பஞ்சு, நடுவில் கொறித்த ஒடியல். கிழட்டு எலி ஒன்று என் காலுக்கு மேலால் பாய்ந்து ஓடியது. உன் மகள் சிரிக்கத் தொடங்கி, சிரிப்பை நிறுத்த முடியாமல் அழுதாள். நான் வேலை இருப்பதுபோல் வயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வயர்களை ஒட்டினேன். ஃபில்ரரைத் தட்டினேன். பழைய பெற்றோலை வடித்துப் புதிதாய் ஊற்றினேன். பிளக்கைத் துடைத்தேன். உதைத்தேன். இருமியது, நின்றது. திரும்ப உதைத்தேன், அதே இருமல். அவள் உதைத்தாள். வேர்த்து ஒழுகியது. ஒரு இடத்தில் நிற்க முடியாமல் வண்டியைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது, பிறகு என்ன குறை? வெயில் இறங்கிக்கொண்டு வந்தது. தங்கச்சி அறை வாசலில் வந்து நின்று பார்த்தாள். இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே பேசாமல் நின்றிருந்தால் அவள் நினைத்தது நடந்திருக்கும்.

"காணும், பிள்ளை," என்றேன். "இது இனி வராது."

உன் மகள் ஹாண்டிலில் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

தங்கச்சி உள்ளே வந்தாள். வண்டிக்குப் பின்னால் போய்ச் சேலையை ஒதுக்கிக்கொண்டு குந்தினாள். சைலன்சர் வாய்க்குள் விரலை விட்டு எதையோ பிடித்து ஆட்டி ஆட்டி இழுத்தாள். வெளியே வந்தது நீ பனஞ்சிலாகைத் துண்டில் செதுக்கிய ஆப்பு. ஓடாமல் நிற்கிற வண்டிக்குள் எலி புகாமல் இறுக்கிய ஆப்பு. எடுக்க மறந்துவிடக் கூடாது என்று அதில் நீ கட்டித் தொங்கவிட்ட சிவப்புத் துணியை எலியே தின்றிருந்தது. ஆப்பும் கறுத்துச் சைலன்சரோடு சைலன்சராய்க் கிடந்தது. வண்டியை மேலிருந்து கீழ்வரை தடவிய எனக்கு அது கண்ணில் படவில்லை.

"இதை வைச்சுக்கொண்டு விடிய விடிய உதைச்சாலும் வராது, அண்ணை," என்றாள். ஆப்பை என் கையில் வைத்தாள். "அவர் இதைச் செதுக்கேக்கை நான்தான் விளக்குப் பிடிச்சனான்."

அடுத்த உதைக்குக் கிளம்பிவிட்டது. அறை முழுக்கப் புகை. மூன்று பேரும் இருமினோம். உன் மகள் வீட்டு வளவுக்குள் ஒரு சுற்றுச் சுற்றி ஒழுங்கைக்குள் இறங்கினாள். தங்கச்சி படலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் ஏன் ஆப்பைக் காட்டிக் கொடுத்தாள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் அழுதிருப்பேன். அன்றைக்கே ஒடியல் மூட்டை குசினிக்குப் போய்விட்டது. சாரத்தை அவள் தோய்த்துக் காயப்போட்டாள். எலி கடித்த ஓட்டைகளோடு அது கொடியில் ஆடியது.

நீ சொன்னபடி எலிக்குக் கொடுக்கவில்லை, மச்சான். தெருவுக்குத்தான் கொடுத்திருக்கிறேன். எலி என்றால் பொறி வைக்கலாம், கருவாட்டுத் துண்டு கட்டலாம். சுன்னாகத்திலிருந்து வருகிற தெருவில் விழுந்தடித்து ஓடுகிற பஸ்ஸுக்கும் ரிப்பர் லொறிக்கும் நான் எதைக் கட்டுவது? பள்ளிக்கூடம் விடுகிற நேரமானால் எனக்கு வீட்டில் இருப்புக் கொள்வதில்லை. தேத்தண்ணியை ஆறவிட்டுவிட்டு உன் வீட்டுப் படலையடிக்குப் போகிறேன். தங்கச்சி எனக்கு முதலே அங்கே நிற்கிறாள். மழை வருமோ, வெங்காயம் என்ன விலை என்று கதைக்கிறோம். இரண்டு பேருமே காது கொடுத்துக்கொண்டிருப்பது வேறு சத்தத்துக்கு.

அந்த ஆப்பு இப்போது எதற்கும் தேவையில்லை. ஓடுகிற வண்டிக்கு ஆப்பு எதற்கு? என்றாலும் அதை எறியவில்லை. சட்டைப் பைக்குள் வைத்திருக்கிறேன். உன் மோட்டார் சைக்கிள் சத்தம் ஒழுங்கை முனையில் கேட்கும்வரை அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.