வலது காது பாக்கி

அன்பு மகன் விஜயசங்கருக்கு, அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், என் முழங்கால் வலியையும் சேர்த்துத்தான் சுகம் என்கிறேன். உன்னை உலகம்மன் பார்த்துக்கொள்வாள். சாரல் விட்டு விட்டுப் பெய்கிறது, துணி காயவில்லை, ஐந்தருவிப் பக்கம் கூட்டத்தில் போக முடியவில்லை. போனில் சொல்ல ஆரம்பித்தால் அம்மா பிடுங்கிக்கொள்வாள், நீயும் மீட்டிங் என்பாய், அதனால் எழுதுகிறேன். போன வாரம் உன் தங்கை மகள் ஆதிராவுக்குக் காது குத்தியதை நீ டப்ளினிலிருந்து பார்த்ததாக நினைத்திருப்பாய். நீ பார்க்காததைச் சொல்கிறேன்.

தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும், நீயோ வீடியோவில் இருக்கிறேன் என்றாய், சரி என்றோம். சாஸ்தா கோயிலில் உனக்குப் போட்ட மணைப்பலகையில் மாப்பிள்ளை போனை ஸ்டாண்டில் நிறுத்தினார். வடிவம்மாள் சித்திக்கு முறை தவறக்கூடாது, மாமனுக்கென்று பாவூர்சத்திரத்தில் வாங்கிவந்த மாலையைப் போனுக்குப் போட்டுவிட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். மலையடிவாரம் அல்லவா, அந்த நேரம் பார்த்து சிக்னல் போய் உன் முகம் அசையாமல் நின்றுவிட்டது. பலகையில் உன் படம், படத்துக்கு மாலை, முன்னால் குத்துவிளக்கு. சிரிப்பு அப்படியே அடங்கிப்போயிற்று. உன் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஒருவரும் கிட்டே போகவில்லை.

நான் எங்கே நின்றிருப்பேன் என்று உனக்கே தெரியும், தூண் ஓரம், கையைக் கட்டிக்கொண்டு. கல்யாண வீட்டு வாசலில் கட்டின வாழைமரம் என்று அம்மா என்னைச் சொல்வது சும்மா இல்லை. உன் காதுகுத்துக்கும் அங்கேதான் நின்றேன், உன்னைக் காலேஜில் சேர்த்தபோது கேட்டுக்கு வெளியே நின்றேன், ஏர்போர்ட்டில் நீ அழுதபோதும் தள்ளித்தான் நின்றேன். சம்பளத்தை வீட்டில் கொடுத்துவிட்டால் அப்பன் வேலை முடிந்தது என்று இருந்த ஆள். அன்றைக்கு என்னவோ கால் தானாகப் போயிற்று. மாலையைக் கழற்றித் தூரப் போட்டேன், போனை மாப்பிள்ளை கையில் கொடுத்தேன், பலகையில் உட்கார்ந்து பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டேன். இது முறையில்லையே என்று சித்தி முனகினாள், இருக்கட்டும் என்றேன். இடது காதில் ஆசாரியின் கம்பி இறங்கியதும் ஆதிரா அலறி என் கட்டைவிரலைக் கடித்தாள், தடம் இன்னும் போகவில்லை. அழுகிற பிள்ளையை விடாமல் பிடித்துக்கொள்வது இத்தனை கஷ்டம் என்று அறுபத்து நான்கு வயதில்தான் தெரிகிறது. உன்னை நான் ஒருநாளும் அப்படிப் பிடித்ததில்லை. நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஆசாரி வலது காதுக்கு வந்தபோது உன் தங்கை ஜெயபிரியா கையை நீட்டித் தடுத்துவிட்டாள். ஒற்றைக் காதோடு பிள்ளையை விடக்கூடாது என்று அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். "இந்தக் காது எங்க அண்ணன் மடியில வச்சாத்தான். அவன் வார வரைக்கும் இப்படியே கெடக்கட்டும்" என்று அழுதுகொண்டே சொல்லிவிட்டாள். சிக்னல் திரும்பி வந்ததும் எல்லாம் நல்லபடியாக முடிந்ததா என்று நீ கேட்டாய், மாப்பிள்ளையும் முடிந்தது என்றார். முடியலைலே, வலது காது பாக்கி. லீவு இல்லை என்று நீ சொல்வதைப் பொய் என்று சொல்ல மாட்டேன், ஆலங்குளம் ஆபீசில் இருந்துகொண்டு நானும் அதைச் சொல்லித்தான் முப்பது வருஷம் ஓட்டினேன். என் புத்தி உனக்கும் வந்துவிட்டதோ என்று பயமாக இருக்கிறது. எனக்கு அலுத்துப்போயிற்று, நீயாவது தள்ளி நிற்காதே.

குளிரில் வெறுந்தலையோடு திரியாதே, நேரத்துக்குச் சாப்பிடு. உன் அம்மாவும் நானும் கொடுக்கிற ஆசீர்வாதம் எப்போதும் உன்னோடு இருக்கும். தை பிறப்பதற்குள் டிக்கெட் போட்டுவிட்டுச் சொல்.

இப்படிக்கு,
உன் அப்பா
இசக்கிமணி

பி.கு: ஆதிரா ஒரு காதில் மட்டும் கம்மலோடு தெருவில் ஓடுகிறாள். இன்னொன்றைத் தொலைத்துவிட்டாயா என்று பார்க்கிறவர்கள் எல்லாரும் கேட்கிறார்கள். மாமா கொண்டுட்டு வருதான் என்று சொல்லுகிறாள்.