டேப்லெட் விட்டுவிட்ட பூனை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நான் சுகம், முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முறைத்துக்கொள்கிறது. நீயும் மாப்பிள்ளையும் என் வாலுக்குட்டிப் பேத்தியும் சுகமாய் இருக்க வேண்டும்.

இனிமேல் புத்தகம் அனுப்ப வேண்டாம், வைக்க இடமில்லை, டேப்லெட்டில் ஆயிரம் புத்தகம் இருக்கிறது, அதுவே வாசித்தும் காட்டுகிறது என்று மாப்பிள்ளை எழுதியிருந்தார். நியாயமான பேச்சுதான். எனக்குத்தான் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. பிள்ளைக்குக் கண் கெட்டுவிடும் என்று முக்கால் பக்கம் எழுதினேன், மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன் நானே சொன்னால் யார் மறுத்துப் பேசுவார்கள். அப்புறம் நானே கிழித்துப் போட்டேன். என் கோபம் கண்ணைப் பற்றியது இல்லை.

உனக்குத் தெரியும், எந்தக் கதைப் புத்தகமானாலும் இரண்டாகத்தான் வாங்குவேன், ஒன்று தபாலில் அவளுக்கு, ஒன்று எனக்கு. ஞாயிறு காலையில் நான் போனில் படிக்கப் படிக்க அவள் அங்கே பக்கத்தைப் புரட்டுவாள். யானைக் கதையில் இல்லாத பூனை ஒன்றை நான் சும்மா சேர்த்துவிட்டேன், அவளும் "எங்க, தாத்தா? பூனையக் காணோமே" என்று படம் படமாகத் தேடுவாள், யானைக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது என்பேன். டேப்லெட் அதே கதையைப் படித்தபோது "இதுக்குப் படிக்கவே தெரியல, பூனைய விட்டுடுச்சு" என்று அவள் அழுததாக நீ எழுதியிருந்தாய். படித்துவிட்டு கடையில் தனியாகச் சிரித்தேன்.

இப்போது பூனை இல்லாத கதையே அவளுக்குப் பழகிவிட்டது போலிருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை போன் வருவதில்லை. நான் சட்டை மாற்றிக்கொண்டு போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்து உட்கார்ந்திருக்கிறேன். உன் அம்மா போன பிறகு இந்த வீட்டில் நான் வாய்விட்டுப் பேசியது அந்த ஒரு வேளைதான். தனிமையாக இருக்கிறதம்மா. சொல்ல வெட்கமாய்த்தான் இருக்கிறது, சொல்லாவிட்டால் உனக்கு எப்படித் தெரியும்.

டேப்லெட்டும் இருக்கட்டும், படுத்துக்கொண்டு மட்டும் பார்க்க விடாதே. மாப்பிள்ளை மேல் எனக்கு வருத்தமில்லை என்று சொல். நீ வேளைக்குச் சாப்பிடு. மூன்று பேரும் நோய்நொடியில்லாமல் நீடூழி வாழ என் ஆசீர்வாதம். ஒன்றை மறந்துவிடாதே. எந்தக் கதையானாலும் கடைசிப் பக்கத்தை அந்தப் பெட்டி படிக்க வேண்டாம், அங்கே நிறுத்திவிட்டு அவளை எனக்கு போன் போடச் சொல். அந்தப் புத்தகம் என்னிடம் இல்லாவிட்டால் என்ன, முடிவை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா