கையெழுத்துப் போட்ட பிரதிகள்

டொரோன்டோ, நவம்பர்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். அப்பாவின் முழங்கால் வலி குறைந்ததா? அங்கே நம் தண்டர் பேயில் பனி கொட்டத் தொடங்கியிருக்குமே.

இங்கே ஒரு வேடிக்கை. ஏப்ரலில், நான் வேலை பார்க்கும் பதிப்பகமே என் கவிதைத் தொகுப்பைப் போட்டதல்லவா? அன்று முதலாளி ஃபெர்கஸ் ரகசியம் போலச் சொன்னார்: "கடை கடையா ஏறி எல்லாப் பிரதியிலயும் கையெழுத்துப் போட்டுடும்மா. அப்புறம் விக்காட்டியும் கடைக்காரன் திருப்பி அனுப்ப மாட்டான்." கோடை முழுக்க அலைந்து கையெழுத்துப் போட்டேன்.

நேற்று அவை பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்தன. கிடங்கு பார்க்கும் டெல்மா ஒன்றைத் திறந்து பார்த்தாள்.

"எந்தப் புண்ணியவான்டி இப்படிக் கிறுக்கி வெச்சான்? இனி விக்கவும் முடியாது. காகிதக் கூழாக்கத்தான் அனுப்பணும்."

"நான்தான்" என்றேன். இருவரும் சிரித்தோம். உள்ளறையில் ஃபெர்கஸ், அடுத்த வருடக் கவிஞரிடம் அதே ரகசியத்தைத் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தார்.

நீ பின்னிய கம்பளிக் காலுறை இருந்தால் அனுப்பு. இங்கே வாங்கியது குளிருக்குத் தாங்கவில்லை.

நம் ஊர்க் கடையிலிருந்து மட்டும் ஒரு பிரதிகூடத் திரும்பவில்லை. எல்லாவற்றையும் நீயே வாங்கிவிட்டாயா, அம்மா? பதிலில் இதற்கு மட்டும் ஒன்றும் எழுதாதே.

தபால் எடுக்க ஆள் வந்துவிட்டார்.

ஐனோ