காலுறையில் ஒட்டிய நாயுருவி

கஞ்சி அடுப்பின் மேல் மூடியிருக்கிறது. சூடாக்கி, உட்கார்ந்து குடியுங்கள். குழாய் பழுது பார்ப்பவர் வந்தால் சமையலறையோடு அனுப்பிவிடவும். சின்னவளின் அறையை அவருக்குத் திறந்துவிட வேண்டாம்.

உங்கள் காலுறைகளை நான் துவைக்கவில்லை. நாற்காலியின் மேல் இருக்கின்றன, பாருங்கள். மாலைதோறும் வாசகசாலைக்குப் போவதாகச் சொல்கிறீர்கள். அங்கே சிமெண்டுத் தரை, நாயுருவி முளைக்காது. அது இடுப்பளவு மண்டிக் கிடப்பது, நம் சின்னவளைப் புதைத்த இடத்துக்குப் போகும் வழியில்தான். காலணியின் சேற்றைக் கழுவத் தெரிந்த உங்களுக்குக் காலுறையைப் பார்க்கத் தோன்றவில்லை. இத்தனை மாதங்களாக அந்த விதைகளை ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்தவள் நான். நேற்றுத்தான் வாய்விட்டுக் கேட்டேன்.

"அவ பேச்சையே எடுக்காதீங்கன்னு சொன்னது நீதானே? அப்புறம் உங்கிட்ட எப்படிச் சொல்லிட்டுப் போறதாம்?" என்று கத்தினீர்கள். கத்தியது முறையன்று. கேட்டது முறைதான்.

இப்போது அங்கேதான் போகிறேன். அடக்கம் செய்த நாளுக்குப் பிறகு இதுவே முதல் முறை. வழி நினைவில்லை. செடிகளுக்கு நடுவே நீங்கள் நடந்த தடம் இருக்கும்.

பி.கு.: கஞ்சியில் உப்புப் போட மறந்துவிட்டேன்.

இன்னொன்று: சாவியை நான் எடுத்துப் போகவில்லை. வந்து கதவைத் தட்டுவேன், வீட்டில் இருங்கள். என்னால் குனிய முடியாது. என் உடையின் ஓரத்தில் ஒட்டியிருப்பதை நீங்கள்தான் எடுக்க வேண்டும்.