அடுப்பேறிய பால்குப்பி

கல்பாத்தி
24-7-56

சௌபாக்கியவதி பட்டுவுக்கு அம்மாவின் அநேக ஆசீர்வாதம். பகவான் கிருபையில் இங்கே எல்லோரும் சுகம், நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் பள்ளிவாசல் மலைக்குளிரில் சுகமாக இருப்பதாக இரண்டு வரி வந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். கர்க்கடக மாச மழை விடாமல் கொட்டுகிறது, ஆற்றில் குளிக்கப் போகக் கூடாதென்று அப்பா உத்தரவு. நேற்று உன் கடிதம் வந்தது. குட்டிக்குப் பால்குப்பி ஆரம்பித்துவிட்டதாகவும், நான் சொன்னபடி குப்பியை அடுக்களைக்குள் விடுவதே இல்லை என்றும் பெருமையாக எழுதியிருந்தாய். அதைப் படித்ததனால்தான் இந்த அவசரக் கடிதம்.

உன் மன்னி தர்மாம்பாளுக்கு ஜுரம் வந்து பால் வற்றியதிலிருந்து அண்ணா பிள்ளைக்கும் குப்பிப் பால்தான். குழந்தை வாய் வைத்த சாமான் எச்சில், அது அடுக்களைக்குள் வரலாமா என்று நான் கிணற்றடியிலேயே சாம்பலும் நாருமாகத் தேய்க்கச் சொல்லி, துவைக்கிற கல்லில் கவிழ்த்து வைப்பேன். ரப்பர் காம்பு கொல்லை மாடத்தில் கிடக்கும். குப்பியைக் கொதிக்க வைக்க வேண்டுமாமே என்று தர்மாம்பாள் ஒரு தரம் மெதுவாகச் சொன்னாள். எச்சில் குப்பி என் அடுப்பில ஏறினா நான் அடுக்களைய விட்டு எறங்கிடுவேன் என்று நான் குதித்த குதியில் அவள் அப்புறம் வாயே திறக்கவில்லை. குளிக்க வெந்நீர் போடுகிற அடுப்பு கொல்லையில் வேறே இருக்கிறது, அதிலாவது போடு என்று சொல்லத் தோன்றவில்லை பார், அவ்வளவு புத்தி எனக்கு.

போன வாரம் குழந்தைக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. பல் முளைக்கிறது என்று நான் ஓமத்தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் கண் உள்ளே போய், உச்சிக்குழி அமுங்கி, அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தான். அண்ணா ஓடிப் போய் டாக்டரம்மாவை வண்டியில் கூட்டி வந்தான். அவள் மருந்து கொடுத்துவிட்டு, குப்பியைக் காட்டச் சொன்னாள். ரப்பர் காம்பை உட்புறம் வெளியாகப் புரட்டி என் மூக்கருகே நீட்டினாள். புளித்த மோர் வாடை, மடிப்பெல்லாம் பூசணம். திட்டியிருந்தால் தேவலை, ரெண்டும் தெனம் திளைக்கணும் அம்மே, நல்லா கொதிக்கணும் என்று மட்டும் சொன்னாள். அப்பாதான், ஒன் மடி ஆசாரம் பத்திரமா இருக்குடீ, கொழந்தைதான் பாக்கி என்றார். நான் கொல்லைக்குப் போய் அழுதேன்.

நீ பயப்படாதே, இப்போது தேறிவிட்டான், காலையில் என் மூக்குத்தியைப் பிடித்து இழுத்தான். நீ குப்பிக்கென்று ஒரு பாத்திரம் ஒதுக்கு. குப்பியையும் காம்பையும் உள்ளே வழவழப்புப் போகக் கழுவி, பச்சைத் தண்ணீரில் முழுகப் போட்டு அப்புறம் அடுப்பேற்று, கொதிநீரில் சட்டென்று போட்டால் கண்ணாடி விரிசல் விட்டுவிடும், உங்கள் ஊர்க் குளிரில் கேட்கவே வேண்டாம். பத்து நிமிஷம் தளதளவென்று கொதிக்கட்டும். குட்டி மிச்சம் வைத்த பாலை அடுத்த வேளைக்கு வைக்காதே, கொட்டிவிடு. கொடுக்குமுன் மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார். உன் குவார்ட்டர்ஸில் ஒரே அடுப்புதான் என்று தெரியும், அதிலேயே வை, தோஷம் உண்டென்றால் அது என் தலையோடு போகட்டும். இங்கே தினம் விடிந்ததும் ஸ்நானம் பண்ணி மடிப்புடவையோடு நான்தான் குப்பியை அடுப்பேற்றுகிறேன், அதற்கப்புறம்தான் சாதம். முதல் நாள் தர்மாம்பாள் கதவருகே நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். நீ சொன்னது சரிதாண்டீ என்று நானே சொன்னேன், அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசி, குட்டிக்கு ஆயிரம் முத்தம். நீ தீர்க்கசுமங்கலியாக, மடி நிறைந்து இருக்க வேண்டும். ஒன்று மட்டும் மறக்காதே. குப்பியை அடுக்களைக்குள் விடாதே என்று நான் ஆனியில் எழுதின கடிதத்தைப் பெட்டியில் வைத்திருப்பாய், என் கடிதம் ஒன்றையும் நீ எறிகிறவள் இல்லை. அதை எடுத்து, குப்பி கொதிக்கிற அடுப்பில் போட்டு எரித்துவிடு.

இப்படிக்கு,
உன் அம்மா
அபயாம்பாள்